மந்தைவெளியில் 2,150 சதுர அடி வீடு: நியாய வாடகை எவ்வளவு?

வீட்டுக்காரர் 85,000 ரூபாய் கேட்டார். குடித்தனக்காரர் 58,000 தருகிறேன் என்றார். 2025 மே மாதம் இருவரும் தனித்தனியே என்னைக் கூப்பிட்டு, நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுப் பழக்கம் உண்டு என்றாலும் வாடகை சொல்வது எனக்குக் கொஞ்சம் பயமான வேலை. நான் கூட்டிச் சொன்னால் ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். குறைத்துச் சொன்னால் ஓய்வூதியத்தில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு மாதா மாதம் நஷ்டம். அதனால் மூன்று வாரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் காலமான பிறகு கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். சென்னை மந்தைவெளியில் மூன்றரை மனை இடத்தில், கீழே கார் நிறுத்தமும் மேலே மூன்று மாடியுமாக 2007-இல் கட்டிய கட்டடம். மாடிக்கு இரண்டு வீடு வீதம் மொத்தம் 6 வீடுகள். டீச்சருடையது இரண்டாம் மாடி: மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை, ஒரு பெரிய ஹால், வேலைக்காரர் அறை என்று ஒரு சிறு அறை.

குடித்தனக்காரர் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அப்பா அம்மா. 2021 ஜூனில் வந்தார்கள். கொரோனா காலத்தில் ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு அது. 60,000 கேட்டு 52,000-க்கு இறங்கி வந்திருக்கிறது. 11 மாத ஒப்பந்தம் போட்டார்கள். அது முடிந்த பிறகு எல்லாம் வாய்ப்பேச்சில் ஓடியது, வாடகையும் ஏறவில்லை.

டீச்சரின் கணக்கு நேரானது. "தம்பி, எங்க தெருவுலேயே 1,050 சதுர அடி வீடு நாப்பதாயிரத்துக்குப் போயிருக்கு. அடிக்கு 38 ரூபாய். என்னோடது 2,150. நீங்களே பெருக்கிப் பாருங்க." பெருக்கினால் 81,700 வருகிறது. நாலு வருஷம் ஏற்றாமல் விட்டதற்கும் சேர்த்து 85,000 என்று வைத்துவிட்டார்.

குடித்தனக்காரரிடமும் புறநகர் வீடு ஒன்றை வைத்து ஒரு கணக்கு இருந்தது. "சார், பெரும்பாக்கத்துல 2,000 சதுர அடி 45,000-க்குத் தர்றாங்க, நீச்சல் குளத்தோட. அம்மாவுக்கு மரியாதை வெச்சுதான் 58 சொன்னேன்."

முதல் நாளே ஒன்று தெரிந்தது: இரண்டு பேரும் ஒரே தொகையைப் பற்றிப் பேசவில்லை. டீச்சர் சொன்ன 85,000-த்தில் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் அடக்கம். குடித்தனக்காரர் சொன்ன 58,000 அது இல்லாமல். சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் அது மாதம் 8,600. அதை ஒரே பக்கம் வைத்துப் பார்த்தால் சண்டை 76,400-க்கும் 58,000-க்கும்தான். 27,000 ரூபாய் இடைவெளி 18,400 ஆகிவிட்டது. ஒரு மாதமாகத் தொலைபேசியில் மனஸ்தாபப்பட்டவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஒன்பது விழுக்காட்டுக் கணக்கு

இதற்கிடையில் டீச்சரின் மருமகன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சட்டப் பிரிவை அனுப்பினார். 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்றே ஒரு பிரிவு உண்டு. இடத்தின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவில் தேய்மானம் போக மீதி, வசதிகளுக்கான தொகை இவற்றைக் கூட்டி, குடியிருப்பென்றால் ஆண்டுக்கு 9 விழுக்காடு, கடை அலுவலகமென்றால் 12 விழுக்காடு. வசதிகளின் பட்டியலில் லிஃப்ட், மொசைக் தரை, மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் எவையெல்லாம் ஆடம்பரமாக இருந்தன என்பது அதைப் படித்தாலே புரியும்.

போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குரிய பிரிபடாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் இந்த வீட்டுக்குச் சேரும் பாகம், 1,400 சதுர அடி. அந்தப் பக்கம் நடந்த விற்பனைகளை வைத்து அடி 14,000 என்றால் 1 கோடியே 96 லட்சம். 2,150 அடிக்கு 2,200 ரூபாய் கட்டுமானச் செலவு போட்டு, 18 வருஷத் தேய்மானம் கழித்தால் ஏறக்குறைய 39 லட்சம். மொத்தம் 2 கோடியே 35 லட்சம். வசதிகளைச் சேர்க்காமலேயே அதில் 9 விழுக்காடு ஆண்டுக்கு 21 லட்சத்துக்கு மேல், மாதம் 1,76,000 ரூபாய்!

மந்தைவெளியில் இந்த வீட்டுக்கு அந்தத் தொகையை யாரும் தர மாட்டார்கள். நிலம் மலிவாகவும் வீட்டின் மதிப்பில் கட்டடமே பெரும்பங்காகவும் இருந்த நாளில் அந்த விழுக்காட்டுக்கு அர்த்தம் இருந்தது. இன்று மதிப்பில் ஆறில் ஐந்து பங்கு நிலம். குடியிருப்பவர் நிலத்தில் சமைப்பதில்லை, தூங்குவதில்லை. நிலத்தின் விலை ஏறுவது முழுக்க வீட்டுக்காரருக்கே போகிறது. அதற்கும் வாடகை கேட்டால் ஒரே லாபத்தை இரண்டு முறை கேட்பது போலாகும். தவிர, அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் வாடகை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். மருமகனிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். ஆனால் 9 விழுக்காட்டை அதன்பின் எடுக்கவில்லை.

டீச்சருக்கு வேறு ஒரு நியாயமான வருத்தம் இருந்தது. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியபோது சென்னையின் பழைய பகுதிகளில் சிறிய வீடுகளுக்கு 50 விழுக்காடு ஏறியது, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடு. இவருடைய அரையாண்டு வரி 6,200-லிருந்து 15,500 ஆனது. அந்தச் சுமையை மூன்று வருஷமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார். ஆனால் போன வருஷங்களின் குறையை வரும் வருஷத்து வாடகையில் வசூலிக்க முடியாது என்று சொன்னேன். 2021-இல் வாடகையை இறக்கியதும் அப்புறம் ஏற்றாமல் விட்டதும் அவரே செய்த முடிவுகள். "அப்போ நான் இளிச்சவாயா தம்பி?" என்று கேட்டார். நாலு வருஷம் ஒரு நாள் பாக்கியில்லாமல் வாடகை வந்திருக்கிறதே, அதுவும் கணக்குதானே டீச்சர் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டை அளந்தது

லேசர் அளவுகருவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். 2,150 என்பது விற்பனைப் பரப்பு. படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா, சுவர்கள் எல்லாவற்றிலும் இந்த வீட்டின் பங்கு அதில் இருக்கிறது. உள்ளே கால் வைத்து நடக்கிற இடம் 1,590 சதுர அடி. இதில் யாரும் ஏமாற்றவில்லை, சென்னையில் எல்லா வீட்டையும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஒப்பிடும்போது மட்டும் விற்பனைப் பரப்பை விற்பனைப் பரப்போடுதான் ஒப்பிட வேண்டும். குடித்தனக்காரர் 1,590-ஐ வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் சொன்ன விற்பனைப் பரப்புகளோடு ஒப்பிட்டு, தான் அதிகம் கொடுப்பதாக நினைத்திருந்தார்.

ஹால் அருமை. தெற்குக் காற்று, சாயங்காலம் கடல் காற்றும் வருகிறது. மூன்றாவது படுக்கையறை மேற்கே பார்த்தது. மே மாதம் மாலை நாலு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. வேலைக்காரர் அறைக்கு ஜன்னலே கிடையாது, இப்போது அரிசி மூட்டையும் சைக்கிளும் இருக்கின்றன. நடுக் குளியலறைக் கூரையில் மேல்வீட்டுக் கசிவு, சாந்து உதிர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு கார் நிறுத்தம் என்பது பத்திரத்தில்தான். ஒன்றின் பின்னால் ஒன்று, முன்னால் உள்ள காரை எடுத்தால்தான் பின்னால் உள்ளது வெளியே வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் வாரம் இரண்டு லாரி. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழையில் கீழே முழங்கால் அளவு தண்ணீர் நின்று லிஃப்ட் ஒன்பது நாள் ஓடவில்லை, தாத்தாவும் பாட்டியும் ஒன்பது நாளும் கீழே இறங்கவில்லை.

நான் கூர்ந்து பார்த்த இன்னொன்று, எது யாருடையது என்பது. நாலு ஏசி, சமையலறைப் புகைபோக்கி, எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை, பால்கனியில் புறாவலை: எல்லாம் குடித்தனக்காரர் போட்டது. வீடு இன்று பளிச்சென்று இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். டீச்சர் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு "வீடு எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் ஒருவர் தன் காசில் போட்டதற்கு அவரிடமே வாடகை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. மனதளவில் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் வீட்டை மதிப்பிட்டேன்.

கையெழுத்தான வாடகைகள்

இணையத்தில் போட்டிருப்பது கேட்கும் வாடகை. ஆழ்வார்பேட்டையில் 2,200 சதுர அடிக்கு 1,10,000 என்று ஒரு விளம்பரம் மாசக்கணக்காக நிற்கிறது. அது ஒருவருடைய ஆசை. சந்தை அந்தத் தொகையை இன்னும் ஏற்கவில்லை. எனக்கு வேண்டியது கையெழுத்தான தொகைகள். அதற்கு மூன்று தரகர்களிடம் பேசினேன். அவர்களைவிட அதிகம் தெரிந்தவர் தெருமுனை இஸ்திரிக்காரர். எந்த வீட்டிலிருந்து எத்தனை மாதமாகத் துணி வரவில்லை என்பது அவருக்கு அத்துப்படி. வீடு எவ்வளவு நாள் காலியாகக் கிடந்தது என்று தெரியாமல் வாடகைத் தொகையை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

பராமரிப்பு நீங்கலாக, கடந்த ஆறு மாதத்தில் முடிந்தவை நாலு கிடைத்தன. டீச்சர் சொன்ன 1,050 அடி, 40,000. இரண்டு தெரு தள்ளி மூன்று படுக்கையறை, 1,480 அடி, 50,000. அதே பக்கம் 25 வருஷப் பழைய வீடு, 2,020 அடி, 60,000. புதிதாகத் தரை மாற்றி, அலமாரிகள் போட்ட 2,300 அடி வீடு 78,000. அது 90,000 கேட்டு நாலு மாதம் காலியாகக் கிடந்து இறங்கியது.

1,050-லிருந்து 1,480-க்குப் போகும்போது கூடும் 430 அடிக்குக் கூடும் வாடகை 10,000, அதாவது அடிக்கு 23 ரூபாய். 1,480-லிருந்து 2,020-க்கு 540 அடி கூடுகிறது, வாடகை அதே 10,000-தான், அடிக்கு 18 ரூபாய் சொச்சம். முதல் ஆயிரம் அடிக்கு 38 ரூபாய் கொடுக்கும் சந்தை, இரண்டாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் கொடுக்கிறது. ஏன்? சமையலறை, தண்ணீர், மந்தைவெளி என்கிற முகவரி, பக்கத்துப் பள்ளி எல்லாம் முதல் ஆயிரத்திலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் வருவது இடம் மட்டும். நாற்பதாயிரம் தரக்கூடிய குடும்பங்கள் நிறைய உண்டு, எழுபதாயிரம் தருபவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேரும் வேறு பகுதியில் புது வீடு பார்ப்பார்கள், இல்லையென்றால் கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்கே போய்விடுவார்கள். சிறிய வீட்டின் அடி விலையால் பெரிய வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். டீச்சரிடம் இதை விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

பெரும்பாக்கம் வீட்டையும் இதேபோல ஒதுக்கினேன். பிள்ளைகளின் பள்ளியும் தாத்தா மாதம் இருமுறை போகும் மருத்துவமனையும் மந்தைவெளிக்கு அருகில். அங்கே போனால் மிச்சமாவது பெட்ரோலிலும் நேரத்திலும் போய்விடும். அந்த வீட்டுக்கு அவர் போகவே மாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

இனி அந்த இரண்டு பெரிய வீடுகள். 2,020 அடி வீட்டுக்கு வாடகை 60,000 என்றாலும் அட்வான்ஸ் பத்து மாதம், 6 லட்சம். நம் வீட்டுக்கு நான் வைத்துக்கொண்ட மூன்று மாத அட்வான்ஸ் கணக்கைவிட அது 4,20,000 அதிகம். வங்கியில் 7 விழுக்காட்டுக்குப் போட்டால் மாதம் 2,450 கிடைக்கும். ஆக உண்மையான வாடகை 62,450. நம் வீடு 130 அடி பெரிது, அடிக்கு 18 வீதம் 2,340. ஏழு வருஷம் புதியது என்பதற்கு 1,500. கூட்டினால் 66,300 பக்கம் வருகிறது. 2,300 அடி வீட்டிலிருந்து கீழே இறங்கினால்: 78,000-த்தில் 150 அடிக்கு 2,700 கழிக்கலாம். அலமாரிகளும் சமையலறை மரவேலையும் 4 லட்ச ரூபாய் வேலை, எட்டு வருஷம் உழைக்கும், மாதம் 4,200. தனியாக எடுக்கக்கூடிய இரண்டாவது கார் நிறுத்தம், அந்தப் பக்கம் வாடகைக்கு விடும் தொகைப்படி 2,500. புதுக் குளியலறைகளுக்கு 1,800. மிச்சம் 66,800.

இரண்டு பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தது நிம்மதிதான். என்றாலும் 1,500, 1,800 போன்றவை என் அனுபவத்தில் போட்டவை, இன்னொருவர் ஆயிரம் கூட்டியோ குறைத்தோ போடலாம். அதனால் வேறு வழியிலும் சரிபார்த்தேன். 52,000-ஐ ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் இன்று 63,200. வீடு விற்றால் 2 கோடியே 58 லட்சம் போகும் என்று வைத்தால் 65,000 வாடகை ஆண்டுக்கு 3 விழுக்காடு. சென்னையின் நல்ல பகுதிகளில் நான் பார்த்த வீடுகளெல்லாம் அதை ஒட்டியே நிற்கின்றன. ஆக, 63-க்கும் 67-க்கும் நடுவில்.

ஆடி மாதம்

அந்த நாலாயிரத்துக்குள் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்தது நாள்காட்டி. ஜூன் 30-க்குள் புது ஏற்பாடு வேண்டும் என்று டீச்சர் கெடு வைத்திருந்தார். சென்னையில் குடும்பங்கள் வீடு மாறுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி திறப்பதற்கு முன். ஜூலை 17-இல் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடி போக மாட்டார்கள். இவர்கள் ஜூன் கடைசியில் காலி செய்தால் ஆவணி பாதி வரை, குறைந்தது இரண்டு மாதம், வீடு பூட்டித்தான் கிடக்கும். இரண்டு மாத வாடகை 1,30,000, தரகுக்கு ஒரு மாத வாடகை 65,000. இந்த 1,95,000-ஐ இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 8,100 ரூபாய். குடித்தனக்காரர் இருந்துவிட்டால் டீச்சருக்கு இது முழுக்க மிச்சம். அதில் 1,500 ரூபாயைக் குடித்தனக்காரர் பக்கம் தள்ளுவது எனக்கு நியாயமாகப் பட்டது. அவருக்கும் வண்டி வாடகை, ஏசி கழற்றி மாட்டும் செலவு எல்லாம் மிச்சமாகிறது, அதனால் அதற்கு மேல் தள்ளவில்லை. ஒப்பீட்டில் வந்த ஏறக்குறைய 66,500-இல் அந்த 1,500 போக 65,000 என்று சொன்னேன், பராமரிப்பு 8,600 தனி.

குளியலறைக் கசிவுக்காக வாடகையைக் குறைக்கச் சொல்லி குடித்தனக்காரர் கேட்டார். நான் மறுத்தேன். குறைத்தால் கசிவு அப்படியே நிற்கும், அதற்கு ஒரு விலை கொடுத்துவிட்டதாக இருவரும் சமாதானம் ஆகிவிடுவார்கள். கம்பி தெரியும் கூரையின் கீழே எட்டு வயதுப் பிள்ளை குளிக்கிறது. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்வது டீச்சர் பொறுப்பு, செய்யாவிட்டால் குடித்தனக்காரரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம்.

மெட்ரோ வேறு விஷயம். ஆர்.கே. மடம் சாலையில் இரண்டாம் கட்ட மெட்ரோ பணி நடக்கிறது. மந்தைவெளியில் நிலத்தடி நிலையம் வருகிறது. தூசி, இரவு இயந்திரச் சத்தம், சுற்றிப் போகும் வண்டிகள் எல்லாம் இந்தத் தெருவுக்குள். இது டீச்சர் சரிசெய்யக் கூடியதல்ல, நிரந்தரமும் அல்ல. நிலையம் திறந்தால் இதே வீட்டின் வாடகை ஏறத்தான் செய்யும். அதனால் தெருமுனைத் தடுப்புகள் எடுக்கப்படும் வரை 63,000, எடுத்த அடுத்த மாதத்திலிருந்து 65,000 என்று வைத்தோம்.

டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் குடித்தனக்காரருக்கு அவரே பேசினார். "தம்பி, அப்பாவை லிஃப்ட் நின்னா எப்படி இறக்குறதுன்னு சங்கத்துல பேசி வெச்சிருக்கேன்" என்றுதான் ஆரம்பித்தாராம். வாடகைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருஷ ஒப்பந்தம், ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏற்றம் என்று எழுதிப் பதிந்தார்கள். அட்வான்ஸ் மூன்று மாதம், 1,95,000. முன்பு கொடுத்த 3 லட்சத்தில் மீதியை முதல் இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொண்டார்கள். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடியிருப்பவரே வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து அது 2 விழுக்காடு, அதற்கு முன் 5. 52,000-க்கே இது பொருந்தும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பழைய வருஷங்களுக்கு என்ன செய்வது என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

கசிவு ஆகஸ்டில் நின்றது. மேல்வீட்டுக் கழிவுக் குழாயில் ஒரு மூட்டு விட்டிருந்தது. செலவில் பாதியை அந்த வீட்டுக்காரர் கொடுத்தார். தெருமுனைத் தடுப்பு இன்னும் இருக்கிறது. வாடகை 63,000-ஆகவே போகிறது.